லிஸ்ட்ல பேர் இல்ல: மார்ட்டின் செயின்ட் லூயியின் கதை

ஷார்ட்லிஸ்ட் வர்ற ராத்திரி எப்படி இருக்கும்னு ஃபைனல் இயர் மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. குரூப்ல பிடிஎஃப் வந்து விழும். உடனே சர்ச்ல ரெஜிஸ்டர் நம்பர் போடுவோம். ஒண்ணும் வராது. நம்பரைத் தப்பா அடிச்சிட்டோமோன்னு இன்னொரு தடவை போடுவோம். போன செமஸ்டர்ல எனக்கு இந்த மாதிரி மூணு பிடிஎஃப். மூணாவது ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல எதையெதையோ பார்த்துட்டு இருந்தப்பதான் இந்த ஆள் கண்ணுல பட்டார். ஐஸ் ஹாக்கி பிளேயர். சுத்தி இருக்கிற எல்லாரும் மலை மாதிரி இருக்காங்க, இவர் மட்டும் அவங்க தோளுக்குக் கீழ. ஆனா பந்து இவர்கிட்டதான் இருக்கு.

பந்துன்னு சொல்லக் கூடாது, அது "பக்". 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. நாம ஹாக்கின்னு சொல்ற ஆட்டத்துக்கும் இதுக்கும் ஸ்டிக்கைத் தவிரப் பெருசா ஒற்றுமை இல்ல. 200 அடி நீளம், 85 அடி அகலத்துல ஒரு ஐஸ் தளம். ஒரு அணிக்கு கோலியோட சேர்த்து ஆறு பேர். ஆட்டம் அவ்வளவு வேகம்கறதால யாரும் தொடர்ந்து ஒரு நிமிஷத்துக்கு மேல தாக்குப் பிடிக்க முடியாது. முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுத்த செட் உள்ள வரும். அந்த செட்டுக்குப் பேர் "லைன்". முதல் லைன்ல கோல் அடிக்கிறவங்க. நாலாவது லைன்ல எதிரணியை முட்டி மோதித் தடுக்கிறவங்க. பக்கை வச்சிருக்கிற ஆளை உடம்பால இடிச்சுத் தள்றது இங்க விதிப்படி சரி. இந்த லைன் சமாச்சாரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நம்ம ஆள் பேர் மார்ட்டின் செயின்ட் லூயி. எல்லாரும் மார்டின்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட்டுக்கிறேன். 1975 ஜூன் 18-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலை ஒட்டி இருக்கிற லவால் நகரத்தில் பிறந்தவர். பிரெஞ்சு பேசுற ஊர். அங்க குழந்தைங்க நடக்கப் பழகின கையோட ஸ்கேட் கட்டிடுவாங்க.

இப்ப டிராஃப்ட். வட அமெரிக்காவின் பெரிய லீக் என்ஹெச்எல். வருஷம் ஒரு தடவை, 18 வயசு ஆன பசங்களை அணிகள் வரிசையா ஒவ்வொருத்தரா பேர் சொல்லி எடுக்கும். மோசமா ஆடின அணிகளுக்கு முன்னுரிமை. நம்ம கேம்பஸ் இன்டர்வியூ மாதிரிதான், ஆனா ஆசாமி அங்க வந்து உட்கார்ந்திருக்கணும்னு கூட அவசியமில்ல, அவனை ரெண்டு மூணு வருஷமா ஸ்கவுட்டுகள் பின்தொடர்ந்து குறிப்பு எழுதி வச்சிருப்பாங்க. 1993 ஜூன் 26 அன்று கியூபெக் சிட்டியில் நடந்த டிராஃப்ட்டில் 26 அணிகள், 11 சுற்று, மொத்தம் 286 பேர். மார்டிக்கு 18 வயசு முடிஞ்சு எட்டு நாள் ஆகியிருந்தது. 286-ல் அவர் பேர் இல்ல.

இதுல கதை என்னன்னா, அன்னிக்கு முதல் பேரா சொல்லப்பட்ட பையன் அலெக்ஸாண்டர் டெயிக்ல். அதே லவால்ல, அதே 1975-ல் பிறந்தவர். ஒட்டாவா செனட்டர்ஸ் அணி அவருக்கு அஞ்சு வருஷத்துக்கு 12.25 மில்லியன் டாலர் கொடுத்தது. இன்னும் ஒரு ஆட்டம் கூட ஆடாத 18 வயசுப் பையனுக்கு! இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்து மிரண்டுதான் 1995-ல் புதுசா வர்றவங்க சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பே கொண்டு வந்தது. அதே ஊர், அதே வயசு. ஒருத்தர் நம்பர் ஒண்ணு, இன்னொருத்தர் நம்பரே இல்ல.

ஏன்? ஒரே பதில்தான்: உயரம். மார்டி ஐந்தடி எட்டு அங்குலம். என்ஹெச்எல் சராசரி ஆறடிக்கு மேல. தொண்ணூறுகள்ல ஸ்டிக்கைக் கொக்கி மாதிரி போட்டு எதிராளியை இழுத்துப் பிடிக்கிறதை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுக்காம விட்டாங்க. அதனால கனமான, நெடுநெடுன்னு இருக்கிற ஆட்களுக்குத்தான் கிராக்கி. ஸ்கவுட்டுகள் முட்டாள்கள்னு நான் சொல்ல வரல. 18 வயசுல ஒருத்தன் 25 வயசுல எப்படி ஆடுவான்னு கணிக்கிறது கஷ்டம். உயரம் மட்டும் டேப் வச்சா தெரிஞ்சிடும். அளக்க ஈசியா இருக்கிறதுக்கு எப்பவுமே வெயிட்டேஜ் அதிகமா விழுந்துடும்.

முதல் வருஷ மெக்கானிக்ஸை மறக்காதவங்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். ஸ்கேட் பிளேடோட தடிமன் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிசான விளிம்பு மேல நின்னுக்கிட்டு இடி வாங்கணும். நிறை மையம் எவ்வளவு தாழ்வா இருக்கோ, அவ்வளவுக்குக் கவிழ்க்கிறது கஷ்டம். மார்டிக்கு உயரம் குறைவு, ஆனா தொடை ரெண்டும் தூண் மாதிரி. ஆறடி ஆள் வந்து இடிச்சா, பாதி நேரம் அந்த ஆள்தான் தடுமாறுவார். இது எந்த ஸ்கவுட் ஃபார்ம்லயும் ஒரு காலமா இருந்திருக்காது.

டிராஃப்ட் ஆகாத மார்டி அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூடவே லவால்ல சின்ன வயசுல இருந்து ஒண்ணா ஆடின நண்பர் எரிக் பெரான். அவரும் குள்ளம், அவரையும் யாரும் எடுக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த நாலு வருஷமும் கல்லூரி ஹாக்கியைக் கலக்கினாங்க. 1996-ல் வெர்மான்ட் முதல் முறையா நாட்டின் கடைசி நாலு அணிகளுக்குள் போனது. மார்டி 139 ஆட்டத்தில் 267 பாயின்ட். (கோல் அடிச்சா ஒரு பாயின்ட், கோலுக்கு பாஸ் கொடுத்தா ஒரு பாயின்ட்.) அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லாக் காலத்துக்குமான சாதனை அது. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் மூணு வருஷம் பேர் வந்தது.

சரி, இப்பவாவது எடுத்திருப்பாங்கன்னு நினைப்பீங்க. 1997-ல் ஒட்டாவா செனட்டர்ஸ் பயிற்சி முகாமுக்குப் போனார். ஆமா, டெயிக்ல் ஆடின அதே அணி. ஒப்பந்தம் கிடைக்கல. கிளீவ்லேண்டில் ஒரு சின்ன லீக் அணிக்கு ஆடப் போனார். அங்க நல்லா ஆடினதைப் பார்த்து 1998 பிப்ரவரியில் கால்கரி ஃபிளேம்ஸ் எடுத்தது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச, ரொம்பக் கோபம் வர்ற பகுதி கால்கரிதான். ஃபிளேம்ஸின் கீழ் அணியான செயின்ட் ஜானில் அவர் 1998-99-ல் 53 ஆட்டத்தில் 62 பாயின்ட் எடுத்தார். ஆனா மேல கூப்பிட்டா நாலாவது லைன். "உயரம் இல்ல, அதனால டிஃபென்ஸ் வேலை பார்க்கட்டும்"ங்கிற கணக்கு. ராத்திரிக்குச் சில நிமிஷம் ஐஸ், கூட ஆடுறவங்களும் கோல் அடிக்கிற ஆட்கள் இல்ல. ரெண்டு சீசன்ல 69 ஆட்டம், 4 கோல். இப்ப அந்த 4-ஐ எடுத்து டேபிள் மேல வச்சு, "பாருங்க, இவருக்குக் கோல் வராது"ன்னு சொல்லலாம். கோல் அடிக்க முடியாத இடத்துல நிக்க வச்சது யாருன்னு அந்த நம்பர்ல இருக்காது. லேப்ல சென்சாரைத் தப்பான இடத்துல ஒட்டிட்டு ரீடிங் கம்மின்னு எழுதுற மாதிரி.

2000-ல் லீக்ல ரெண்டு புது அணிகள் வந்தன, கொலம்பஸும் மினசோட்டாவும். மத்த அணிகள் பாதுகாக்காம விட்ட வீரர்கள்ல இருந்து ஆளுக்கு 26 பேரை அவங்க எடுத்துக்கலாம். கால்கரி மார்டியைப் பாதுகாக்கல. அந்த 52 பேர்லயும் அவர் பேர் இல்ல. கால்கரி அவரை விட்டுடுச்சு. வயசு 25. ஜூலை கடைசியில் டாம்பா பே லைட்னிங் கூப்பிட்டது. அப்போ அது லீக்கின் மோசமான அணிகள்ல ஒண்ணு, அவங்களுக்கும் இழக்க ஒண்ணுமில்ல.

டாம்பாவிலும் முதல் சில வாரம் அதே கதைதான். அப்புறம் மெல்ல மெல்ல நேரம் கொடுத்தாங்க. முதல் சீசன் 40 பாயின்ட். ரெண்டாவதுல கால் எலும்பு முறிவு. மூணாவது 70. 2003-04-ல் 94 பாயின்ட், லீக்கிலேயே அதிகம். அதுக்குக் கொடுக்கிற ஆர்ட் ராஸ் டிராஃபி, மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் டிராஃபி ரெண்டும் அவருக்கே. அந்த வருஷம் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிக்கு டாம்பா போச்சு. எதிரணி யாரு தெரியுமா? கால்கரி.

ஏழு ஆட்டத் தொடர். கால்கரி 3-2 முன்னிலை. ஆறாவது ஆட்டம் கால்கரி மைதானத்திலேயே, ஜெயிச்சா கோப்பை அவங்களுக்கு. ஆட்டம் சமன், கூடுதல் நேரமும் சமன். ரெண்டாவது கூடுதல் நேரம் தொடங்கி 33-வது வினாடி, கோல். அடிச்சது மார்டி. (அந்த ஆட்டத்துல தங்களுக்கு ஒரு கோல் மறுக்கப்பட்டதுன்னு கால்கரி ரசிகர்கள் இன்னிக்கும் சண்டை போடுவாங்க, அது தனிக் கட்டுரை.) ஏழாவது ஆட்டத்தை டாம்பா 2-1-ன்னு ஜெயிச்சது. அந்த வசந்த காலத்துல டாம்பா ஜெர்ஸியில் எரிக் பெரானும் ஆடினார். பின்லாந்து வரைக்கும் போய் ஆடிட்டு, 28 வயசுல என்ஹெச்எல் வந்தவர். அவருக்கு மார்டி மாதிரி பெரிய கரியர் அமையல, அதையும் சொல்லிடணும்.

அதுக்கப்புறம் 2013-ல், 37 வயசுல, இன்னொரு ஆர்ட் ராஸ். அந்த விருதை வாங்கின மிக மூத்தவர் அவர்தான். இவ்வளவுக்கு அப்புறமும் 2014 சோச்சி ஒலிம்பிக்ஸுக்கான கனடா அணியின் முதல் பட்டியலில் பேர் இல்ல! பட்டியலைத் தயாரிச்ச குழுவின் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன், டாம்பாவிலேயே மார்டிக்கு மேல இருந்த ஜெனரல் மேனேஜர். ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்தால ஆட முடியாமப் போனப்பதான் இவருக்கு இடம் கிடைச்சது. தங்கம் வாங்கிட்டு வந்தார். வந்த அடுத்த வாரங்களிலேயே அவர் விருப்பப்படி டாம்பா அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாத்தி அனுப்பியது. அந்தக் கோபம் எனக்குப் புரியுது.

2015-ல் ஓய்வு. 1134 ஆட்டம், 1033 பாயின்ட். டெயிக்ல் 616 ஆட்டத்தில் 327. 2018-ல் மார்டி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அவரைக் கோச்சா கூப்பிட்டது. அதுவரைக்கும் சின்னப் பசங்க அணிகளுக்குத்தான் கோச்சிங் பண்ணியிருந்தார். மான்ட்ரியல் அப்போ லீக்கின் அடிமட்டத்துல கிடந்தது. அங்க கோல் காஃபீல்ட்னு 21 வயசுப் பையன். பேர்லயே கோல் இருக்கு, ஆனா அந்த சீசன்ல கோல் வரல. உயரம் ஏறக்குறைய மார்டி அளவுதான். ஆனா காலம் மாறியிருந்தது. 2005-க்கு அப்புறம் கொக்கி போட்டு இழுக்கிறதுக்கு நடுவர்கள் கண்டிப்பா தண்டனை கொடுக்க ஆரம்பிச்சதால, இவரை 2019 டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே 15-வதா எடுத்திருந்தாங்க. அந்த சீசன் நடுவுல அவரைக் கீழ் அணிக்கு வேற அனுப்பியிருந்தாங்க. அந்தக் கீழ் அணி இருக்கிற ஊர் லவால்.

மார்டி வர்றதுக்கு முன்னாடி காஃபீல்ட் 30 ஆட்டத்தில் 1 கோல். மார்டி வந்ததும் அவரை முன் வரிசையில ஆட வச்சார், தப்பு பண்ணினாலும் உட்கார வைக்கல. மீதி 37 ஆட்டத்தில் 22 கோல்.