பொறி எழாத லைட்டர்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றான குண்டூர் நாட்டில் பல வீடுகளிலிருந்து விறகடுப்பு இன்னும் விடைபெற்றுக்கொள்ளவில்லை. கேஸ் அடுப்பும் அங்கே தனியரசு செலுத்தத் தொடங்கவில்லை. காலையில் காப்பி போடவும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அவசரமாக எதையாவது கிண்டிக் கொடுக்கவும் ஒன்று. குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சவும், ராகிக் களி கிளறவும், மார்கழி மாதத்தில் சுற்றி உட்கார்ந்து குளிர் காயவும் மற்றொன்று என்று, இரண்டும் ஒரே அறையில், பெரும்பாலும் எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே குடித்தனம் நடத்துகின்றன. இந்தச் சகவாசத்தில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. அது வெளிப்படும் தருணம், பெரும்பாலும் மிக அற்பமான ஒரு பழுதினால், அதாவது லைட்டரில் பொறி எழாமையினால் வாய்க்கிறது.

அடுப்பு மலையேறிய வரலாறு நீண்டதன்று. ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2007-இல் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கி, 2021-இல் இரண்டாம் கட்டத்தை எட்டியது. பழங்குடி வகுப்பைச் சேர்ந்த, வீட்டில் வேறு இணைப்பு இல்லாத பெண்கள் அதன் பயனாளிகளாகலாம் என்பதால், மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலைக்கு அது விசேஷமான பொருத்தமுடையது. விறகுப்புகையால் கண்ணும் நெஞ்சும் கெட்ட பெண்களின் துயரத்தை அறிந்தவர் எவரும் இத்திட்டங்களைக் குறை கூறமாட்டார். ஆயினும், அடுப்பு வந்து சேர்ந்த வேகத்தில் அதன் பராமரிப்பு பற்றிய அறிவு வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம். இணைப்புக் கொடுத்த அன்று ஐந்து நிமிஷத்தில் காட்டப்பட்ட செய்முறையே பலருக்கு வாழ்நாள் முழுவதற்குமான உபதேசமாக நின்றுவிட்டது.

லைட்டருக்குள் பேட்டரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்பதை 1880-இல் பிரான்ஸ் தேசத்து கியூரி சகோதரர்கள், ஜாக், பியேர் என்ற இருவரும், கண்டறிந்தார்கள். அந்த விஞ்ஞான உண்மையே இன்று நம் அடுப்பங்கரையில் ஆணியில் தொங்குகிறது. கட்டை விரலால் அழுத்தும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகி, சட்டென்று விடுபட்டு, ஒரு சிறு சுத்தியலைக் கொண்டு பீங்கான் போன்ற துண்டொன்றை அடிக்கிறது. அந்த அடியில் கணநேரத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் பிறந்து, குழலின் நுனியிலுள்ள கம்பிக்கும் குழலின் விளிம்புக்கும் இடையேயுள்ள இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. பொறிக்குத் தேவை மூன்றே மூன்று: அடி பலமாக விழ வேண்டும், நுனி உலர்ந்திருக்க வேண்டும், இடைவெளி அளவாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மேகம் வாசலில் வந்து படுக்கும் மலையூரில் இரண்டாவதுதான் முதலில் கெடுகிறது. ஈரமும், எண்ணெய்ப் பிசுக்கும், பக்கத்து விறகடுப்பின் கரியும் நுனியில் படிந்து, மின்சாரம் பொறியாகத் தாண்டாமல் அந்த அழுக்கின் வழியே நழுவிப் போய்விடுகிறது.

இனி அபாயத்தைக் கவனிப்போம். வீட்டுப் பெண் அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு லைட்டரை அழுத்துகிறாள். ‘டக்’ என்ற சத்தம் வருகிறது, தீ வரவில்லை. “இன்னும் ரெண்டு தடவை அமுக்கு புள்ள, பத்திக்கும்” என்று வெளியிலிருந்து மாமியார் குரல் கொடுக்கிறார். இத்தனை நேரமும் திருகு திறந்தே இருக்கிறது. சமையல் வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கனமானது. அது புகைபோலக் கூரைக்கு ஏறாமல், தரையோடு தவழ்ந்து, தாழ்வான மூலைகளைத் தேடிச் செல்லும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். அந்த அறையின் தாழ்வான மூலையிலோ, முந்தின இரவு சாம்பல் மூடிவைத்த விறகடுப்பின் கங்கு கண் விழித்துக் கிடக்கிறது! லைட்டர் பற்றவைக்கத் தவறியதைக் கங்கு பற்றவைத்துவிடும். அடுப்பின் மேல் மட்டுமல்ல, நிற்பவளின் கால் புடைவையிலிருந்து தொடங்கி. லைட்டர் வேலை செய்யாதபோது விறகடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துவந்து பற்றவைப்பதும் இதே வகையைச் சேர்ந்த துணிச்சல்தான்.

ஆகையால் முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பொறி அல்லது எரியும் தீக்குச்சி பர்னரின் அருகே செல்ல வேண்டும். அதன் பிறகே திருகைத் திறக்க வேண்டும். இரண்டொரு விநாடிகளில் பற்றாவிட்டால், தயக்கமின்றித் திருகை மூடி, கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, சில நிமிஷங்கள் பொறுக்க வேண்டும்.

லைட்டரைச் சோதிப்பதற்கு வாயு தேவையே இல்லை. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, அடுப்பிலிருந்து எட்ட வந்து, அரையிருட்டில் அதன் நுனியைப் பார்த்தவாறு அழுத்தினால், நீல நிறப் பொறி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சத்தம் பலமாகக் கேட்டும் பொறி தெரியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் நுனியில்தான்: உலர்ந்த துணியால் துடைத்து, நடுக்கம்பி குழலின் சுவரோடு வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, சில மணி நேரம் வெயிலில் வைத்து மறுபடி சோதிக்கலாம். தண்ணீரில் கழுவக் கூடாது; கங்கின் மேல் காட்டி உலர்த்தவும் கூடாது. சத்தமே நொய்ந்து ஒலித்தால் உள்ளே சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று அறிந்து, புதிது வாங்கிவிடுவதே உசிதம். சொற்பக் காசில் கிடைக்கும் சாதனத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

திருகினாலே தானாகப் பற்றும் அடுப்புகளில் இதே தத்துவம் அடுப்பின் வயிற்றுக்குள் இருக்கிறது. பர்னரின் ஓரத்தில் வெள்ளைப் பீங்கான் உறைக்குள் ஒரு மெல்லிய கம்பி நிற்பதைக் காணலாம். திருகின் அடியிலிருந்து ஓர் ஒயர் அதற்குச் செல்கிறது. இங்கே ரெகுலேட்டரை மூடியபின் திருகைத் திருப்பி, பொறி எங்கே தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பியின் நுனியிலிருந்து பர்னருக்குத் தாண்டினால் நலம். பீங்கானின் இடுப்பிலிருந்து அடுப்பின் உடம்புக்குத் தாண்டினால் பீங்கான் விரிசல் கண்டிருக்கிறது. அடுப்புக்கு அடியில் எங்கோ தாண்டினால் ஒயரின் உறை கிழிந்திருக்கிறது, இது மலைவீடுகளில் பெரும்பாலும் எலியின் கைங்கரியம். கழுவிய பர்னர் மூடியைக் கோணலாக வைத்துவிட்டு அடுப்பைப் பழித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மூடியை நேராக அமர்த்துவதும், கம்பியின் நுனியைத் துடைப்பதும், பேட்டரி போட்ட அடுப்பாயின் பேட்டரியை மாற்றுவதும் வீட்டார் தாமே செய்யக்கூடியவை. பீங்கான், ஒயர், திருகின் உட்பகுதி ஆகியவற்றை மாற்றுவது, வாயு செல்லும் குழாயைத் தொடும் வேலையாக முடியுமாதலால், ஏஜென்சியின் மெக்கானிக்கோ கம்பெனியின் ஆளோ செய்ய வேண்டியது. வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று அவர் காட்ட வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மலைக்கே உரிய மற்றொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கடுங்குளிரில், அதிலும் சிலிண்டர் தீரும் தறுவாயில், திரவம் வாயுவாக மாறுவது மந்தப்பட்டுச் சுடர் சோர்வது இயல்பு. அதற்காகச் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும், விறகடுப்பின் பக்கம் நகர்த்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். சாய்ந்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே டியூபுக்குள் பாயக்கூடும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் ஒரே அறையில் இருந்தே தீர வேண்டுமானால், கங்கு முழுவதும் அணைந்த பிறகே ரெகுலேட்டரைத் திறப்பது என்ற நியமத்தை வீட்டில் எல்லோரும் கைக்கொள்ள வேண்டும். நாற்றம் எழுந்தால் (இயற்கையில் மணமற்ற இவ்வாயுவில் அந்தத் துர்நாற்றத்தைச் சேர்ப்பதே நம்மை எச்சரிப்பதற்காகத்தான்) மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, அனைவரும் வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இரவு பகல் எந்நேரமும் இயங்கும் அவசர எண் அது.

இனி உரிமைகள். ஏஜென்சியிடமே அடுப்பு வாங்கினால்தான் இணைப்பு என்று எவரும் நிர்ப்பந்திக்க முடியாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள அடுப்பை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். சிலிண்டர் கைக்கு வரும்போது எடை போட்டுக் காட்டும்படி கேட்கலாம்: உள்ளே இருக்க வேண்டியது 14.2 கிலோ, வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் கூட்டினால் கணக்கு வந்துவிடும். கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் ஆண்டும் இருக்கும். டி 27 என்றால் 2027-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். கெடு கடந்ததை வாங்க மறுக்கலாம். ரப்பர் டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனைக்குக் கட்டணம் செலுத்தினால் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டரை எதுவரை கொண்டுவந்து தரும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. சில ஊர்கள் வீட்டு விநியோகப் பகுதிகள், சில ஊர்கள் கிடங்கில் சென்று எடுக்கும் பகுதிகள்.

ரசீதின் அருமை விபத்தன்றுதான் தெரியும். எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் இணைப்புதாரர்களுக்காக, அவர்களிடம் தனியே பிரீமியம் வாங்காமலே, இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டர் விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம். பதிவு செய்த முகவரியில் நேர்ந்த சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்தை உடனே ஏஜென்சிக்கு எழுத்து மூலமும், போலீஸ் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த முகவரி வேறாக இருத்தல், முத்திரையில்லாத டியூப், பரிசோதனைச் சீட்டு இல்லாமை போன்றவை கோரிக்கையைச் சிக்கலாக்கும். வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றிவிடுவது இதனாலேயே முக்கியம்.

உத்தரவாதக் காலத்துக்குள் பொறிச் சாதனம் கெட்டு, கடைக்காரரும் கம்பெனியும் மாற்றித் தர மறுத்தாலோ, உதிரிப் பாகமே கிடையாது என்று கைவிரித்தாலோ என்ன செய்வது?    வாங்குமுன் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பது வீண்கேள்வி அன்று.

பரிகாரம் கேட்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பல புகார்கள் அந்த மட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், 2020 ஜூலையிலிருந்து அமலில் உள்ள 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது. அடுப்புக் கம்பெனி டில்லியிலோ பம்பாயிலோ இருந்தாலும், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது குண்டூர் நாட்டார் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள்ளும், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிவு செய்ய முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது; நடைமுறையில் அது நீளுவதும் உண்டு. மனுவோடு பில், உத்தரவாத அட்டை, கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கெட்டுப்போன பாகத்தையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுத் தேதியிட்டு வைத்திருக்க வேண்டும். பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவாகும்போது அந்தக் கறுத்த பீங்கான் துண்டைத்தான் ஆணையம் கேட்கும்.