வேப்பமரத்தடியில் ஒரு லாரி எஞ்சின்

நாமக்கல் வழியே செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் நாகபுரியையும் கடந்து வடக்கே போகிறது. ஆதலின், சங்ககிரிப் பக்கத்திலிருந்து லாரியோடு வந்து இவ்வூரிலேயே குடியமர்ந்துவிட்ட நம் அன்பர் ஒருவருக்கு, சொந்த ஊர் அதே சாலையின் மறுகோடியில் இருப்பதாகவே எண்ணம். சென்ற கார்த்திகைத் திங்களில் அவர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். வாசலில் நம்மை முதலில் வரவேற்றது டீசல் மணம். வேப்பமரத்தடியில் இரும்புக் குழாய்களால் முக்காலி நாட்டி, செயின் பிளாக் கட்டி, ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கீழே இறக்கி வைத்திருந்தார். மரக்கிளையிலேயே கட்டலாமே என்று கேட்டோம். சில நூறு கிலோ எடையைக் கிளையை நம்பித் தொங்கவிட்டுக் கீழே கை நுழைப்பவன் கையை இழப்பான் என்றார்.

அவருக்கு உள்ளது இந்த ஒரு லாரிதான். ஆரஞ்சுப் பருவம் தொடங்கிவிட்டது; மாதத் தவணையோ நிற்காது. எஞ்சின் பின்புறம் எண்ணெய் ஒழுகுகிறதென்று ஒரு பட்டறையில் கிராங்க் தண்டின் ஆயில் சீலை இருமுறை மாற்றினார்கள். கூலி போயிற்று, ஒழுக்கு போகவில்லை. போதாக்குறைக்கு ரேடியேட்டரில் நாள்தோறும் தண்ணீர் குறைந்தது. எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த காப்பி போன்ற நுரை படிந்தது. எண்ணெயில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இனி வீட்டிலேயே பிரிப்பது என்று துணிந்தார்.

பிரிப்பதற்கு முன் அவர் செய்த வேலையைத்தான் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். எஞ்சினை மண்ணெண்ணெயால் நன்கு கழுவி, உலரவிட்டு, மேலெல்லாம் சாக்குக்கட்டித் தூளைத் தூவினார். பிறகு சிறிது நேரமே ஓடவிட்டார். வெண்தூளின்மேல் எண்ணெய் எழுதிய கோடு தெளிவாகத் தெரிந்தது. கிளட்ச் கூட்டில் சொட்டிய எண்ணெய் ஆயில் சீலிலிருந்து வரவேயில்லை. உச்சியில் டாப்பெட் கவரின் பின்மூலையில் கசிந்து, எஞ்சின் முதுகின்மேல் வழிந்து, அடியில் வந்து சொட்டியது. நனைந்த இடம் ஒன்று, ஓட்டை வேறிடம்.

அந்த மூலையில் ஏன் கசிந்தது என்று அவர் மேலும் தேடினார். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு வாயு எந்த எஞ்சினிலும் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கென்று ப்ரீதர் குழாய் உண்டு. இந்த லாரியில் அக்குழாய் கரியும் பிசுக்குமாக அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத வாயு உள்ளே அழுத்தம் சேர்த்து, எண்ணெயைக் கிடைத்த சந்திலெல்லாம் வெளியே தள்ளியது. எத்தனை சீல் மாற்றினாலும் பயன் என்ன? ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் கொண்டு தீர வேண்டிய குறைக்கு, இரண்டு சீல்களின் விலையும் கூலியும் கொடுத்தாயிற்று.

தண்ணீர்க் குறை அவ்வளவு எளிதன்று. ஹெட்டைக் கழற்றியபோது, கேஸ்கெட் நான்காம் சிலிண்டருக்கும் நீர்த்துளைக்கும் இடையே கருகியிருந்தது. ஹெட்டின்மேல் மட்டக்கோல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் செலுத்திப் பார்த்ததில் வளைவு தெரிந்தது. அதைச் சமன் செய்ய மட்டும் ஹெட் லேத்துப் பட்டறைக்குப் போயிற்று. தண்ணீர் கலந்த எண்ணெயில் ஓடிய பேரிங்குகளை நம்ப முடியாதாகையால் அடிப்பாகமும் பிரிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இது மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய பம்பு எஞ்சின். 2020இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ற வண்டிகளில் இத்துணிவு வேண்டாம்.

கழற்றுவதைவிடப் பூட்டுவது கடினம். பன்னிரண்டு புஷ்ராடுகளும் எண்ணிட்ட அட்டைப்பெட்டியின் துளைகளில் வரிசையாக நின்றன. வால்வுகள் பழைய இட்லித் தட்டுகளில் குழிக்கு ஒன்றாக இருந்தன (இல்லத்தரசியார் அத்தட்டுகளை இனிச் சமையலறைக்குள் விடப்போவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்). பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக அருகில் அமர்ந்தாள். பள்ளியில் மராத்தியும் இந்தியும் பயிலும் பெண். நம் ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்தில் ‘கன்ராடு’, ‘மெயின் பேரிங்’ என்று தமிழில் எழுதி, தந்தை டார்க் ரெஞ்சால் முறுக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு கோடு இட்டாள்.

அடிப்பாகம் மூடியாயிற்று. ஆயில் சம்ப்பும் புதுக் கேஸ்கெட்டோடு பொருந்திவிட்டது. அப்போது அவள், “அப்பா, கன்ராடு நட்டு பன்னிரண்டு. கோடு பதினொன்றுதான் இருக்கிறது” என்றாள்.

“நீ ஒன்றை விட்டிருப்பாய், அம்மிணி. நான் எல்லாம் முறுக்கிவிட்டேன்.”

“நான் விடவில்லை.”

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. மறுபடி திறந்தால் கேஸ்கெட் வீண்; ஒரு நாளும் வீண். ஆயினும் சம்ப்பைக் கழற்றினார். ஐந்தாம் கன்ராட்டின் நட்டு ஒன்று விரலால் திருப்பவே சுழன்றது. முந்தின மாலை யாரோ கூப்பிட எழுந்துபோனபோது விட்ட நட்டு அது. அப்படியே லாரி புறப்பட்டிருந்தால், ஏதோ ஒரு மலையேற்றத்தில் அந்த ராடு எஞ்சின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கும். மறுநாள் காலை, புதுக் கேஸ்கெட் வாங்கச் செல்லும்போது மகளையும் உடன் அழைத்துச் சென்றார்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்கினார். ஓரத்தில் தொடங்கினால் ஹெட் மீண்டும் வளையும். எஞ்சினை லாரியில் ஏற்றி, முதலில் டீசல் செலுத்தாமல் சுழற்றி, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுந்த பின்னரே டீசல் விட்டார். கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை குழாய்களில் காற்றை வெளியேற்றினார். நாசில் பீச்சும் இடத்தில் விரலை நீட்ட வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனை அதட்டி விலக்கினார். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நான்காம் சுழற்சியில் எஞ்சின் வெண்புகை கக்கி, இருமி, பின் சீராக ஓடிற்று.

அன்றிரவு லாரியின் அடியில் செய்தித்தாள்களை விரித்து வைத்தார்கள். விடியலில் காப்பி குடிக்கும் முன்பே தந்தையும் மகளும் குனிந்து பார்த்தனர். ஒரே ஒரு பொட்டு இருந்தது. மகள் தொட்டு முகர்ந்து, “டீசல்” என்றாள். திரும்பு குழாயின் செப்பு வாஷர் பழையது, அதை மாற்றினார்கள். பத்து மணிக்கு லாரி ஆரஞ்சு ஏற்றப் புறப்பட்டது.