நாலு மணிக்கே விளக்கு வைத்தாயிற்று!

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் ஒரு வீடு. லண்டனில் உத்தியோகம் பார்க்கும் பெண் தினந்தோறும் அவளுடைய ஊரில் மாலை ஆறு மணிக்கு, அதாவது நம் கணக்கில் இரவு பத்தரை மணிக்கு, அம்மாவுக்கு டெலிபோன் செய்வது வழக்கம். அன்று பத்தரை அடித்தது, மணி வரவில்லை. பதினொன்று அடித்தது, வரவில்லை. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை என்று வேண்டிக் கொள்ள ஆரம்பித்து விட்டாள். பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"ஏண்டி, இத்தனை நேரம்?"

"நான் சரியா ஆறு மணிக்குத்தாம்மா கூப்பிடறேன். இன்னிக்கு இங்கே கடியாரத்தை மாத்திட்டா. ஒரு மணி பின்னாலே தள்ளி வச்சாச்சு."

"சரி, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு ஏதாவது..."

"ஒண்ணுமில்லே. நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போயிடறது. இனிமே ஆபீஸ் விட்டு வெளியிலே வந்தா ஒரே இருட்டு. என்னமோ பிடிக்கவே இல்லேம்மா."

"இருட்டினா என்ன? விளக்கைப் போட்டுண்டு சமைச்சுச் சாப்பிட்டுட்டுப் படு!"

இந்த மாதிரி சம்பாஷணை, பெண்ணையோ பிள்ளையையோ சீமைக்கு அனுப்பியிருக்கும் பல வீடுகளில் நடந்திருக்கும். இருட்டுக்குப் பயந்து மனம் சோர்வதாவது, செல்லமாக வளர்ந்ததன் கோளாறு என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விஷயத்தை விசாரித்த பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் நம் ஊரைப் பாருங்கள். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் 5-40 மணி சுமாருக்கு மறைகிறது. நல்ல வேனிற் காலத்தில் 6-40க்கு மறைகிறது. வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம். அதுவும் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதால் நமக்குத் தெரிவதேயில்லை. மார்கழியிலும் சித்திரையிலும் விளக்கு வைக்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். லண்டன் அப்படியல்ல. ஜூன் மாதத்தில் இரவு 9-20க்குத்தான் அங்கே அஸ்தமனம். சாப்பிட்டு விட்டுப் பூங்காவில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். டிசம்பரில் நாலு மணி அடிப்பதற்குள் சூரியன் போய் விடுகிறான். காலையில் எட்டு மணிக்குத்தான் வருகிறான். அந்த எட்டு மணி நேரப் பகலிலும் பாதி நாள் மேக மூட்டம்.

இந்தச் சுருக்கம் இயற்கை செய்வது. அதன்மேல் மனிதன் வேறு கை வைத்தான். கோடை வருமுன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது, குளிர் வருமுன் பின்னே இழுப்பது என்று ஓர் ஏற்பாடு செய்தான். அக்டோபரில் வெள்ளிக்கிழமையன்று ஆபீஸ் விட்டு வரும்போது முகத்தில் விழுந்த வெயில், திங்கட்கிழமை அதே வேளையில் இல்லை. நம் ஊரில் ஆறு மாதத்தில் நடக்கிற மாறுதல், அங்கே ஓர் இரவில், தூங்கி எழுவதற்குள் நடந்து விடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் வியாபாரிகளோ மந்திரிகளோ அல்ல. இருவருமே மாலை வெளிச்சத்துக்கு ஏங்கியவர்கள். நியூஜீலாந்தில் தபாலாபீஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்ஸன் என்பவருக்குப் பூச்சி பிடித்து ஆராய்வதில் பைத்தியம். வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்று, 1895ல் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளும்படி ஒரு யோசனை சொன்னார். இன்னொருவர் வில்லியம் வில்லெட், லண்டனில் வீடுகள் கட்டி விற்றவர். ஒரு கோடைக் காலையில் குதிரை மேல் போனவர், வெயில் நன்றாக ஏறியும் எல்லா வீட்டு ஜன்னல்களிலும் திரை மூடியிருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், 1907ல் சொந்தச் செலவில் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டு வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக் கிழமைகளில் இருபது இருபது நிமிஷமாக, மொத்தம் 80 நிமிஷம் தள்ள வேண்டும் என்பது அவருடைய திட்டம். பார்லிமெண்டில் பலர் சிரித்தார்கள். பாவம், 1915ல் அவர் காலமாகி விட்டார். மறு வருஷமே, முதல் மகாயுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காக ஜெர்மனி கடிகாரத்தைத் தள்ளியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் தள்ளியது. பெட்ஸ் வுட் என்ற இடத்தில் அவருக்கு ஞாபகச் சின்னமாக ஒரு சூரிய கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது கோடை நேரத்தை மட்டுமே காட்டும்!

யுத்தம் நம்மையும் விடவில்லை. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடிற்று. தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி, அந்தப் பெண்ணின் குரல் ஏன் கம்மியது என்பதற்கு வருவோம்.

1976ல் நார்மன் ரோஸந்தால் என்ற இளம் டாக்டர் தென் ஆப்பிரிக்காவிலுள்ள ஜோஹானஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்குக் குடி வந்தார். வெயில் குறையாத ஊரிலிருந்து வந்தவர். அமெரிக்காவில் முதல் கோடை உற்சாகமாகக் கழிந்தது. குளிர்காலம் வந்து கடிகாரத்தையும் பின்னே தள்ளியவுடன் கை காலெல்லாம் கட்டிப் போட்டது போல் ஆகி விட்டது, வேலை ஓடவில்லை. வசந்தம் வந்ததும் தானாகவே சரியாயிற்று. மற்றவர்களானால் குளிர் ஒத்துக் கொள்ளவில்லை என்று சொல்லி விட்டிருப்பார்கள். இவர் மனோவைத்தியர் ஆயிற்றே! பிற்பாடு அமெரிக்க சர்க்காரின் மனநல ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, இதே மாதிரி வருஷா வருஷம் குளிர்காலத்தில் சோர்ந்து வசந்தத்தில் தெளிகிறவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். 1984ல் அவரும் சகாக்களும் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தார்கள். நாம் பருவகால மனச்சோர்வு என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'ஸாட்' என்று வரும். அதற்கு ஆங்கிலத்தில் அர்த்தமும் வருத்தம்தான்.

இந்த நோய்க்குச் சில விசித்திர குணங்கள் உண்டு. சாதாரண மனத்துயரில் தூக்கம் வராது, சோறு இறங்காது. இதிலோ எவ்வளவு தூங்கினாலும் போதாது; ரொட்டி, உருளைக்கிழங்கு, சாதம், இனிப்பு இவற்றின் மேல் அடங்காத ஆசை வரும்; உடம்பு பருக்கும். 'நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், அவளுக்கு என்ன குறை?' என்று அம்மாக்கள் ஏமாந்து போவது இங்கேதான். இந்தச் சோர்வுக்கு ஆளாகிறவர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

காரணம் முழுவதும் பிடிபட்டு விடவில்லை. ஆனால் கண்ணைப் பற்றி ஓர் ஆச்சரியமான உண்மை, இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் உறுதியாயிற்று. நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று உள்ள அணுக்களைத் தவிர வேறு சில உண்டு. இவற்றின் முக்கிய வேலை உருவத்தைக் காட்டுவதல்ல. 'வெளிச்சம் இருக்கிறது, இல்லை' என்று மூளைக்குச் சேதி அனுப்புவதுதான். மூளையின் அடிப்பாகத்தில் மிகச் சிறியதாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சேதியைக் கேட்டு, இருட்டினால் 'மெலடோனின்' என்ற சுரப்பை விடச் சொல்கிறது; விடிந்தால் நிறுத்தச் சொல்கிறது. எப்போது தூக்கம், எப்போது சுறுசுறுப்பு என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. பார்லிமெண்டில் சட்டம் செய்து இந்தக் கடிகாரத்தைத் திருத்த முடியாது. காலை வெளிச்சம் பட்டால் அது சற்று முன்னே நகரும், இரவில் வெளிச்சம் பட்டால் பின்னே நகரும், அவ்வளவுதான்.

'விளக்கைப் போட்டுக் கொள்ளேன்' என்றாளே அம்மா, அது ஏன் போதாது என்றும் தெரிந்து கொள்ளுங்கள். வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். மேகம் மூடிய பகலில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் ஊர் உச்சி வெயிலோ லட்சத்தை எட்டும். ஆகவே, கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிகிற ஹால், மூளையிலுள்ள கடிகாரத்துக்கு அந்தி வேளை மாதிரிதான்.

கடிகாரத்தை மாற்றுவதற்கும் மனச்சோர்வுக்கும் நேரடி சம்பந்தம் உண்டா? டென்மார்க்கில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 1995 முதல் 2012 வரை ஆஸ்பத்திரிகளில் பதிவான 1,85,419 மனச்சோர்வுக் கேஸ்களை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். இலையுதிர் காலத்தில் கடிகாரத்தைப் பின்னே தள்ளியதை அடுத்து, எதிர்பார்க்கக் கூடியதை விட 11 சதவிகிதம் அதிகம் பேர் மனச்சோர்வுடன் வந்திருக்கிறார்கள். பத்து வாரத்தில் அது சிறிது சிறிதாக அடங்கியிருக்கிறது. வசந்தத்தில் முன்னே தள்ளும்போது இப்படி எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் இலையுதிர் காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைக்கிறது. காலை வெளிச்சமும் கூடுகிறது. அப்படியும் சாயங்கால வெளிச்சம் பறிபோவது உறைக்கிறது. நீண்ட இருட்டுக் காலம் வந்து விட்டது என்று தலையில் அடித்துச் சொல்வது போல் அந்த ஒரு நாள் அமைந்து விடுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்காதே, அழாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவது நினைவிருக்கிறதல்லவா? அந்த வேளையில் மனம் தழைந்து போகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

'அப்படியானால் வருஷம் பூராவும் கோடை நேரத்தையே வைத்துக் கொள்ளட்டுமே!' என்று கேட்பீர்கள். பிரிட்டன் வைத்துப் பார்த்தது. 1968லிருந்து மூன்று வருஷம் குளிர்காலத்திலும் கடிகாரம் முன்னேதான் ஓடிற்று. மாலையில் வெளிச்சம் கிடைத்தது. விலையைக் காலையில் கொடுக்க வேண்டி வந்தது. ஸ்காட்லாந்தின் வட கோடியில் காலை பத்து மணி சுமாருக்குத்தான் விடிந்தது. இருட்டில் மோட்டார்க்காரர்களுக்குத் தெரிவதற்காகக் குழந்தைகளின் கையில் மினுங்கும் பட்டை கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். 1970 டிசம்பரில் பார்லிமெண்ட் 366க்கு 81 என்ற வோட்டில் வேண்டாமென்று தீர்த்து விட்டது. அமெரிக்கா 1974 ஜனவரியில் இதே காரியத்தைத் தொடங்கி, அந்த அக்டோபரிலேயே கைவிட்டது. ரஷ்யா 2011ல் தொடங்கி 2014ல் கைவிட்டது.

நமக்கு அண்டையில் இலங்கையிலும் இந்தக் கதை உண்டு. மழையில்லாமல் மின்சாரப் பஞ்சம் வந்து, 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். அந்த அரை மணி பத்து வருஷம் நிலைத்தது. புலிகளின் வசமிருந்த வடக்குப் பிரதேசமோ பழைய நேரத்தையே வைத்துக் கொண்டது. ஆகவே ஒரே தீவில் இரண்டு நேரம்! குழந்தைகள் இருட்டில் எழுந்து பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது என்ற குறை வலுத்து, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள்.

ஐரோப்பியப் பொது மன்றமும் இந்தத் தள்ளுமுள்ளையே ஒழித்து விடலாம் என்று 2019ல் வோட்டுப் போட்டது. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில் தேசங்களுக்குள் ஒற்றுமை ஏற்படாமல் விஷயம் தொங்குகிறது. தூக்கத்தை ஆராயும் டாக்டர்களில் பலர் குளிர்கால நேரமே உடம்புக்கு ஏற்றது என்கிறார்கள்; மாலை வெயிலை ரசிப்பவர்கள் கேட்பதாக இல்லை. அவர்கள் சண்டை தீரட்டும். அதுவரையில் உங்கள் பெண்ணுக்கு என்ன சொல்வது?

காலையில் வெளியே போகச் சொல்லுங்கள். மாலை வெளிச்சம் போய் விட்டதே என்று அவள் ஏங்குவாள்; வைத்தியம் இருப்பதோ காலை வெளிச்சத்தில். சூரியன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கம்பளிச் சட்டையை மாட்டிக் கொண்டு விடிந்த பிறகு அரை மணி நடந்து ஆபீஸுக்குப் போகட்டும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜன்னல் ஓரத்திலேயே இருந்து விடாமல் இன்னொரு தரம் வெளியே வரட்டும். அதற்கும் வழியில்லையென்றால், 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிகள் அங்கே விற்கின்றன. காலையில் எழுந்ததும் அதன் எதிரில் அரை மணி உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். அதையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணில் கோளாறு உள்ளவர்களும், ஒரு சமயம் அளவுக்கு மீறிய உற்சாகம், ஒரு சமயம் சோர்வு என்று மாறி மாறி வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் பற்றாமல், வேலைக்கும் போக முடியாமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற மாதிரி பேசினால், விளக்கை நம்பிக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கேலி மட்டும் செய்யாதீர்கள்.

நார்வே தேசத்தின் வடக்கே ட்ரொம்ஸோ என்று ஓர் ஊர். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரையில் சூரியன் தலை காட்டுவதேயில்லை. ஜனத்தொகையோ எழுபதினாயிரத்துக்கு மேல்! ஜன்னலெல்லாம் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் கொண்டு, பனியில் சறுக்கி விளையாடிப் பொழுதைக் கழிக்கிறார்கள். ஜனவரி 21ந் தேதி சுமாருக்குச் சூரியன் திரும்பி வரும் நாளில் எல்லாரும் உருண்டையாக ஒரு இனிப்புப் பண்டம் செய்து சாப்பிடுவார்கள். நம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மயிலாப்பூர் அம்மாவுக்கு நான் இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ இனிமே தினம் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் நான் முழிச்சிண்டிருக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். கேள்வி நியாயந்தான். யோசித்து, அவளே ஒரு வழி கண்டு பிடித்தாள். இப்போது மத்தியானம் இரண்டு மணிக்கு இவள் கூப்பிடுகிறாள். லண்டனில் அப்போது காலை எட்டரை, டிசம்பரில்கூட விடிந்திருக்கும். பெண் பூங்கா வழியாக ஆபீஸுக்கு நடந்து கொண்டே பேச வேண்டும் என்பது நிபந்தனை. பஸ்ஸில் ஏறினால் சத்தத்திலேயே தெரிந்து விடுமாம்.

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் மறுபடி முன்னே போகும். அன்று முதல் இவள் இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஒன்பதரை, ஆபீஸில் உட்கார்ந்திருப்பாள். ஆகவே ஒரு மணிக்கே கூப்பிட வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் குறைந்திருக்கும், கொஞ்சம் தூங்கட்டும்.