ஜீவனாம்ச வழக்கில் கணவரின் வருமான வரிக் கணக்கு: எதைப் பார்க்க வேண்டும்?

ஜமாஅத்தில் தலாக் அல்லது குலா பேச்சு வந்ததும் பெரிய தகராறு வருமானத்தைப் பற்றித்தான் எழுகிறது. கடை, வீடு, கார் எல்லாம் ஊரறிய இருக்கும். நஃபகா என்றதும் "மாதம் பதினைந்தாயிரம்தான் கையில் நிற்கிறது" என்பார்கள். அத்தலாக் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் கணவரின் வசதிக்கு ஏற்பச் செலவிடச் சொல்கிறது. அந்த வசதி எவ்வளவு என்று தெரியாமல் தொகை பேசுவதில் அர்த்தமில்லை. அவரே அரசிடம் உறுதிமொழி தந்து தாக்கல் செய்த கணக்கு இருந்தால், பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அதைக் கேட்க உரிமை இருக்கிறது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் கணவன், மனைவி இருவருமே சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வருமான வரி கட்டுபவர் என்றால், திருமணத்துக்கு ஓராண்டு முன், பிரிவுக்கு ஓராண்டு முன், மனு போடும் சமயம் என மூன்று காலத்து ரிட்டர்ன் நகல்களைச் சேர்க்க வேண்டும். மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளும் வேண்டும். பிரிந்த பிறகு வருமானம் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால், இந்த மூன்றையும் அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலை 10 தீர்ப்பு மறுபடி உறுதி செய்தது. புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கோட்டகுப்பத்தில் தாய் வீட்டில் இருப்பவர், தான் வசிக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே அந்த மனுவைப் போடலாம்.

நகல் கைக்கு வந்ததும் கவனிக்க வேண்டியது, அது ஒரு பக்க ஒப்புகைச் சீட்டா, முழுப் படிவமா என்பது. பலர் ஒப்புகையோடு நிறுத்திக்கொள்வார்கள். முழுப் படிவத்தில்தான் அவருடைய வங்கிக் கணக்குகளின் பட்டியல் இருக்கும். அதில் நான்கு கணக்கும், நீதிமன்றத்தில் கொடுத்தது இரண்டு அறிக்கையும் என்றால், வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. வங்கி வட்டி வரியையும் பாருங்கள். வட்டி 70,000 ரூபாய் என்றால், ஏழு சதவீதக் கணக்கில் சுமார் 10 லட்சம் வைப்பில் இருக்கிறது. வட்டியைத் தொடாமல் தர்மத்துக்குக் கொடுத்துவிடுபவர் கணக்கிலும் அது பதிவாகியே இருக்கும்.

நேரு வீதி போன்ற இடங்களில் சிறு கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் ஐ.டி.ஆர்-4 படிவம் போடுகிறார்கள். இதில் கணக்குப் புத்தகம் காட்டத் தேவையில்லை. விற்பனையில் 8 சதவீதத்தை (வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை) லாபமாகக் காட்டினால் போதும். 60 லட்சம் விற்பனைக்கு 4,80,000 ரூபாய், அதாவது மாதம் 40,000. உண்மை லாபம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். எனவே லாபத்தை விட்டுவிட்டு விற்பனைத் தொகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் 20 லட்சத்துக்கு மேல் விற்றாலே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் (தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம்). ஜி.எஸ்.டி. கணக்கிலுள்ள விற்பனையோடு இதை ஒப்பிடலாம். வரித்துறை தளத்திலுள்ள ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். பங்கு, நிலம் வாங்கியது விற்றது பெரும்பாலும் அதில் வந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் பிரான்ஸ். பாரிஸில் வேலை பார்ப்பவரின் இந்திய ரிட்டர்னில் இங்குள்ள வாடகையும் வட்டியும் மட்டுமே வரும், சம்பளம் வராது. அங்கு ஆண்டுதோறும் வரித்துறை அனுப்பும் 'அவி தெம்போசிசியோன்' என்ற வரி அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும். பிரெஞ்சு நீதிமன்றத்தில் விவாகரத்து நடந்து ஈட்டுத்தொகை கேட்கப்பட்டால், சிவில் சட்டத்தின் 272-ஆம் பிரிவின்படி இருவரும் தங்கள் வருமானம், சொத்து பற்றி எழுத்தில் உறுதிமொழி தந்தாக வேண்டும். துபாய், சவூதி என்றால் சம்பளத்துக்கு வரியே கிடையாது. அங்கு சம்பளச் சான்றும் என்.ஆர்.இ. கணக்கு அறிக்கையும்தான் ஆதாரம்.

இன்னொன்று. வரியைக் குறைக்க மனைவி பெயரிலும் ரிட்டர்ன் போடும் பழக்கம் குடும்பங்களில் இருக்கிறது. தையல், டியூஷன் என்று ஏதாவது எழுதியிருப்பார்கள், கையெழுத்துப் போட்ட சகோதரிக்கே விவரம் தெரியாது. வழக்கு வந்ததும் "அவளுக்கே வருமானம் இருக்கிறதே" என்று அந்தத் தாளை நீட்டுவார்கள். உங்கள் பான் எண்ணில் என்ன தாக்கலாகியிருக்கிறது என்பதை மனுப் போடும் முன்பே பார்த்து, வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

கணவரின் பாஸ்வேர்டு தெரியும் என்று அவர் கணக்கில் நுழையாதீர்கள், அது குற்றம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கணவரின் மொத்த வருமானத் தொகையை மட்டும் 2020-இல் மத்திய தகவல் ஆணையம் மூலம் பெற்ற ஜோத்பூர் பெண் உண்டு. ஆனால் தனிநபர் தகவல் பற்றிய அதன் பிரிவு திருத்தப்பட்டு 2025 நவம்பரில் அமலானபின் அந்த வாசல் குறுகிவிட்டது. நீதிமன்றத்தில் மனு கொடுத்து வரவழைப்பதே உறுதியான வழி.

வக்கீல் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு அவர்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு. போகும்போது கணவரின் பான் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய கிரையப் பத்திர நகலிலோ, சேர்ந்து வாங்கிய கடன் தாளிலோ அது இருக்கும்.