பெயர் வழியாக நுழைந்தவர்கள்

நிரலுக்குள் ஒரு நடை – 14

வாடகை வீடு தேடும் இணையதளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏரியா, வாடகை எவ்வளவு வரை, எத்தனை படுக்கையறை, எந்த மாடி, கார் நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் உண்டா, எப்போது குடிவரலாம், நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று எட்டுக் கட்டங்கள். எதையும் நிரப்பலாம், எதையும் காலியாக விடலாம். ஒருவர் வாடகையை மட்டும் சொல்வார். இன்னொருவருக்கு ஏரியாவும் லிஃப்ட்டும்தான் முக்கியம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிலை என்றால் எட்டுக் கட்டங்களுக்கு 256 விதமான கேள்விகள். ஒன்பதாவது கட்டம் சேர்ந்தால் 512. டேட்டாபேஸிடம் கேட்கும் இத்தனை எஸ்.க்யூ.எல். வாக்கியங்களை முன்கூட்டியே எழுதிவைக்க யாராலும் முடியாது. தேடல் பொத்தானை அழுத்திய பிறகுதான், அந்த நொடியில், க்வெரி பிறக்க வேண்டும்.

போன வாரம் டேபிளையும் ஆப்ஜெக்ட்டையும் இணைக்கும் லைப்ரரிகளைப் பார்த்தோம். எண்ணைக் கொடுத்தால் அவை வீட்டை எடுத்துத் தரும். வீட்டைக் கொடுத்தால் சேமித்துவைக்கும். தேடல் பக்கத்துக்கு அந்த வசதி மட்டும் போதாது. யார் எதைக் கேட்பார் என்று தெரியாமலேயே கேள்விக்கு வடிவம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மென்பொருளை எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், நான் முதலில் திறந்து பார்ப்பது அதன் தேடல் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைத்தான்.

சிலர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே க்வெரியை எழுதிவிடுவார்கள். ‘வாடகை கேட்கப்படவில்லை, அல்லது வாடகை இதற்குள் இருக்கிறது, ஏரியா கேட்கப்படவில்லை, அல்லது ஏரியா இது’ என்று எட்டு நிபந்தனைகளையும் அடுக்கிவிடுவது. விடை சரியாகவே வரும். சிக்கல் வேகத்தில். ஒரு க்வெரி வந்ததும் எந்த இண்டெக்ஸ் வழியாகப் போய்த் தேடுவது என்று டேட்டாபேஸ் ஒரு திட்டம் போடுகிறது. பல டேட்டாபேஸ்கள் அந்தத் திட்டத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த முறையும் பயன்படுத்தும். வாக்கியம் ஒன்றே என்றால் திட்டமும் ஒன்றே. வாடகையை மட்டும் கேட்டவருக்குப் போட்ட திட்டத்தில் ஏரியாவை மட்டும் கேட்டவர் சிக்கிக்கொண்டால், மொத்த டேபிளையும் புரட்டிய பிறகுதான் அவருக்குப் பதில் கிடைக்கும். நூறு வீடு இருக்கும்போது இது கண்ணில் படாது. பத்து லட்சம் வீடு சேர்ந்த பிறகு தளமே திணறும்.

பெரும்பாலானோர் தொடங்குவது ஸ்ட்ரிங் ஒட்டுவதில்தான். வாடகை நிரப்பப்பட்டிருக்கிறதா? அதற்கான துண்டை ஒட்டு. ஏரியா? அதையும் ஒட்டு. துண்டுகளுக்கு நடுவே ‘அண்ட்’ வர வேண்டும். முதல் துண்டுக்கு முன்னால் வரக் கூடாது. எது முதல் துண்டு என்பதோ ஓடும்போதுதான் தெரியும். இதைச் சமாளிக்கவே நிபந்தனைப் பகுதியை ‘1 = 1’ என்று தொடங்கும் பழக்கம் வந்தது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் விடை மாறாது. பின்னால் வரும் துண்டுகள் எல்லாம் தயங்காமல் ‘அண்ட்’ போட்டு ஒட்டிக்கொள்ளலாம். பழைய நிரல்களில் இந்த 1 = 1 கண்ணில் பட்டால், அங்கே க்வெரி ஸ்ட்ரிங்காக ஒட்டப்படுகிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதில் இருக்கும் ஆபத்தைப் புரிந்துகொள்ள ஹேக்கர் யாரும் வர வேண்டியதில்லை. சென்னை செயின்ட் மேரிஸ் ரோட்டில் வீடு தேடும் ஒருவர் போதும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி வரும். எஸ்.க்யூ.எல்.லில் ஓர் எழுத்துச் சரம் தொடங்குவதும் முடிவதும் அதே குறியால்தான். தெருப் பெயரை அப்படியே ஒட்டினால், ‘செயின்ட் மேரி’யோடு சரம் முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ‘எஸ் ரோடு’, கட்டளையின் பகுதியாகிவிடும். அப்படி ஒரு கட்டளை இல்லை என்பதால் எரர் வரும். அந்த மிச்சத்தில் உண்மையான கட்டளை ஒன்றை எழுதத் தெரிந்தவர் வந்தால் எரர் வராது. அவர் சொன்னதை டேட்டாபேஸ் செய்துமுடிக்கும்.

1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்ற ஹேக்கர் இதழின் 54-ஆவது இதழில், ‘ரெயின் ஃபாரஸ்ட் பப்பி’ என்ற புனைபெயரில் ஒருவர் இதைப் பொதுவெளியில் விளக்கினார். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற பெயர் பின்னால் வந்தது. பத்தாண்டுக்குள் அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் பேமென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்திலும் வேறு சில நிறுவனங்களிலும் இந்த வழியாக நுழைந்தவர்கள் 13 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்களை எடுத்துச் சென்றதாக அந்நாட்டு அரசு குற்றம் சாட்டியது. முக்கியக் குற்றவாளிக்கு 2010-இல் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

இதற்கு மருந்து பாராமீட்டர். க்வெரியை ஒரு தனி வழியிலும், பயனர் தட்டிய மதிப்புகளை வேறொரு வழியிலும் டேட்டாபேஸுக்கு அனுப்புவது. அரசு அலுவலகத்தில் தரும் அச்சடித்த மனுப் படிவம் போல: காலியிடத்தில் நாம் எதை எழுதினாலும் அச்சான வாசகம் மாறப்போவதில்லை. செயின்ட் மேரிஸ் ரோட்டின் மேற்கோள் குறி இப்போது வெறும் குறிதான்.

ஆனால் பாராமீட்டர் காப்பது மதிப்புகளை மட்டும். எந்த நிபந்தனைகள் இருக்க வேண்டும், எதன்படி வரிசைப்படுத்த வேண்டும், எந்தெந்த டேபிளைச் சேர்க்க வேண்டும் என்ற அமைப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது. அந்த அமைப்பையும் ஸ்ட்ரிங்காக ஒட்டாமல் கட்டுவதற்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் உலகம் கண்ட வழி, க்வெரியையே ஓர் ஆப்ஜெக்ட்டாக்கிவிடுவது. மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளிவந்த தன் நூலில் இதைக் ‘க்வெரி ஆப்ஜெக்ட்’ என்று பதிவுசெய்தார். நால்வர் எழுதிய 1994-ஆம் ஆண்டின் டிசைன் பேட்டர்ன்ஸ் நூலில் வரும் ‘இன்டர்ப்ரெட்டர்’ என்ற வடிவம் அதற்கு மூத்தது.

கிட்டே போய்ப் பார்ப்போம். ‘வாடகை 15,000-க்குள்’ என்பது ஓர் ஆப்ஜெக்ட். அதற்குள் மூன்று உறுப்புகள்: எந்தப் புலம், என்ன ஒப்பீடு, என்ன மதிப்பு. ‘லிஃப்ட் உண்டு’ இன்னொரு ஆப்ஜெக்ட். இரண்டையும் பிள்ளைகளாக வைத்துக்கொள்ளும் ‘அண்ட்’ ஒரு தாய் ஆப்ஜெக்ட். இப்படி ஒரு மரம் வளர்கிறது. எட்டுக் கட்டங்களில் நிரப்பியவை மட்டும் மரத்தில் கிளையாகச் சேரும். முதல் துண்டு எது என்ற கவலையே கிடையாது; 1 = 1 தேவைப்படாது. கடைசியில் ஒருவர், ஒரே ஒருவர், மரத்தைச் சுற்றிவந்து எஸ்.க்யூ.எல். வாசகமாக மாற்றுகிறார். முதல் இருபது வீடுகள் வேண்டுமென்றால் மைஎஸ்க்யூஎல்லில் ‘லிமிட்’, எஸ்க்யூஎல் சர்வரில் ‘டாப்’, பழைய ஆரக்கிளில் ‘ரோநம்’ என்று டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் பேச்சு மாறும். அந்த வேறுபாடு முழுவதும் அவர் பாடு. மதிப்பு வரும் இடத்தில் எல்லாம் பாராமீட்டர் குறி போடுவதும் அவர் வேலை. நூறு புரோகிராமர்கள் நூறு இடத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒழுங்கை ஒரே கிளாஸிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

ஜாவாவில் ஹைபர்நேட் லைப்ரரி இதைப் பரப்பியது. 2009 டிசம்பரில் ஜே.பி.ஏ. 2.0 ‘கிரைட்டீரியா’ என்ற பெயரில் இதைத் தரநிலையாக்கியது. கிரைட்டீரியா நிரலைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வரி எஸ்.க்யூ.எல்.லுக்குப் பன்னிரண்டு வரி ஆகும். மாறாத க்வெரிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரே எழுதிவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 2007 நவம்பரில் வெளியிட்ட லிங்க் வசதி எனக்கு இன்றும் வியப்பு. ‘வாடகை 15,000-ஐ விடக் குறைவு’ என்று சாதாரண சி ஷார்ப் மொழியிலேயே எழுதுகிறோம். வழக்கமாக கம்பைலர் அதை இயந்திரம் ஓட்டும் கட்டளையாக மாற்றும். லிங்க்கில், டேட்டாபேஸை நோக்கிய நிபந்தனையாக இருந்தால், கம்பைலர் அதையே ஒரு மரமாக விட்டுவைக்கிறது. ஓடும் நேரத்தில் லைப்ரரி அந்த மரத்தைப் படித்து எஸ்.க்யூ.எல். எழுதுகிறது. புலத்தின் பெயரைத் தப்பாகத் தட்டினால் கம்பைல் செய்யும்போதே பிடிபட்டுவிடும்.

மரம் கட்டும்போது பலரும் தவறவிடும் ஒரு மூலை உண்டு. கிளையே இல்லாத மரம். ‘இந்த ஏரியாக்களில் ஏதாவது ஒன்று’ என்ற நிபந்தனைக்கு வந்த பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது? பட்டியல் காலி என்று நிபந்தனையையே விட்டுவிட்டால் எல்லா வீடும் வந்து நிற்கும். தேடலில் அது வெறும் தொந்தரவு. அதே நிரலை ‘இந்த எண்ணுள்ள பதிவுகளை அழி’ என்பதற்குப் பயன்படுத்தினால் டேபிள் முழுவதும் போய்விடும். காலிப் பட்டியலில் எதுவுமே அடங்காது. ஆகவே விடை ‘ஒன்றுமில்லை’ என்று வருவதே முறை. பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ லைப்ரரி இப்படி ஒரு நிபந்தனையைப் பார்த்தால் டேட்டாபேஸிடம் போகாமலேயே வெறும் பட்டியலைத் திருப்பித் தந்துவிடுகிறது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் கதவு திறந்துகொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

ட்ரூபல், பி.எச்.பி.யில் எழுதப்பட்டு உலகெங்கும் புழங்கும் இணையதள மென்பொருள். வெள்ளை மாளிகையின் தளமே 2009-இல் அதற்கு மாறியது. 2011 ஜனவரியில் வந்த ட்ரூபல் 7, டேட்டாபேஸோடு பேசும் அடுக்கைப் புதிதாகக் கட்டியிருந்தது. மதிப்புகளுக்கு எல்லாம் பாராமீட்டர். இன்ஜெக்‌ஷனைத் தடுப்பதற்கென்றே வடிவமைத்த அடுக்கு அது.

பட்டியல் நிபந்தனை வரும்போது அந்த அடுக்கு ஒரு சின்ன வேலை செய்தது. ‘ஏரியா’ என்ற பாராமீட்டருக்கு மூன்று மதிப்புகள் வந்தால் ஒரு குறி போதாது. ஆகவே ஏரியா_0, ஏரியா_1, ஏரியா_2 என்று மூன்று பெயர்களை உருவாக்கி வாசகத்தில் ஒட்டியது. 0, 1, 2 எங்கிருந்து வந்தன? அந்த அரேயின் கீகளிலிருந்து. பி.எச்.பி.யில் அரேயின் கீ எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த எழுத்துச் சரமும் இருக்கலாம். போதாததற்கு, பிரவுசரிலிருந்து வரும் படிவத்தில் ஒரு புலத்தின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட்டு எதையாவது எழுதி அனுப்பினால், அதையே கீயாக வைத்து பி.எச்.பி. ஓர் அரேயை உருவாக்கிக் கொடுத்துவிடும்.

லாகின் பக்கத்தில் பயனர் பெயர் கேட்கும் கட்டம் இருக்கிறது. தாக்குபவர் அந்தக் கட்டத்தை அரேயாக மாற்றி, கீயின் இடத்தில் எஸ்.க்யூ.எல். கட்டளையை எழுதி அனுப்பினார். மதிப்புகள் பத்திரமாகப் பாராமீட்டராகப் போயின. கீயோ பாராமீட்டரின் பெயருக்குள் நுழைந்து, பெயர் வழியாக வாசகத்துக்குள் நுழைந்துவிட்டது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். தளத்தைத் திறக்க முடிந்த யாரும் உள்ளே போகலாம்.

ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகள் இந்த ஓட்டை அங்கேயே இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த செக்‌ஷன்ஐன்ஸ் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. 2014 அக்டோபர் 15-ஆம் தேதி ட்ரூபல் 7.32 வெளிவந்தது. முக்கியத் திருத்தம் ஒரே வரியில்: கீகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து நாமே புதிதாக எண்ணிக்கொள். திருத்தம் வெளிவந்த சில மணி நேரத்தில் தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. அக்டோபர் 29-ஆம் தேதி ட்ரூபல் குழுவே ஓர் எச்சரிக்கை விட்டது: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் பறிபோய்விட்டதாகவே கருதிச் செயல்படுங்கள். ஏழு மணி நேரம் என்பது நம் ஊரில் ஓர் இரவுத் தூக்கம். நிர்வாகி ஒருவர் இரவு தூங்கிக் காலையில் எழுவதற்குள் காலக்கெடு முடிந்திருக்கும்.

தனித்த விபத்தாக இதை ஒதுக்க முடியாது. ஜாங்கோவில் 2021 ஜூலையில் திருத்தப்பட்ட ஓட்டை, வரிசைப்படுத்தும் புலத்தின் பெயர் வழியாக வந்தது. 2022 ஏப்ரலில் திருத்தப்பட்டது, விடையில் வரும் பத்திக்கு வைக்கும் மாற்றுப்பெயர் வழியாக வந்தது. அங்கேயும் பயனர் அனுப்பிய டிக்‌ஷனரியின் கீதான் பெயரானது. ட்ரூபல், ஜாங்கோ இரண்டுமே மதிப்புகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தன. பெயர்களுக்குப் பாராமீட்டர் என்ற பாதுகாப்பே கிடையாது. புலத்தின் பெயர் தெரியாமல் டேட்டாபேஸால் திட்டம் போட முடியாது. அதனால் அது வாசகத்தில் எழுத்தாகவே இருந்தாக வேண்டும்.

ஆகவே பெயர் ஒன்றுகூட வெளியிலிருந்து வரக் கூடாது. வாடகைத் தளத்தில் ‘குறைந்த வாடகை முதலில்’, ‘புதிதாக வந்தவை முதலில்’ என்று இரண்டு வரிசைகள் இருந்தால், பிரவுசர் அனுப்ப வேண்டியது 1 அல்லது 2. எந்த எண்ணுக்கு எந்தப் புலம் என்ற பட்டியல் நிரலுக்குள் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் கோரிக்கையை நிராகரித்துவிடுங்கள். பிரவுசர் அனுப்பிய புலப் பெயரைச் சுத்தம் செய்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், தயவுசெய்து விடாமல் வாதாடுங்கள். சுத்தம் செய்வதில் எதை மறந்தோம் என்பது தாக்குபவர் சொல்லித்தான் தெரியவரும்.

கட்டிய க்வெரி எப்போது ஓடுகிறது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. லிங்க்கிலும் ஜாங்கோவிலும் மரத்தைக் கட்டி முடித்ததும் எதுவும் ஓடிவிடுவதில்லை. யாராவது விடையைப் படிக்கத் தொடங்கும்போதுதான் டேட்டாபேஸுக்கு அழைப்பு போகிறது. ஐம்பது வீடுகளைக் காட்டி, ஒவ்வொன்றின் கீழேயும் வீட்டுக்காரர் பெயரைப் போடும் பக்கம் ஒன்று, யாருக்கும் தெரியாமல் 51 முறை டேட்டாபேஸைக் கூப்பிடுவது இதனால்தான். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)