நாவடக்கமும் ஓர் ஊழியமே

கிறிஸ்தவ ஊழியம் என்றவுடன் வைத்தியசாலையும் பாடசாலையும் அநாதை விடுதியுமே நம் நினைவுக்கு வருகின்றன. சொல்ல வந்த ஒரு சொல்லைச் சொல்லாது விடுவதும் ஊழியமாகுமோ? ஆகும் என்றே விவிலியத்தைக் கற்கும்போது தோன்றுகிறது. யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திற் பெரும்பகுதி நாவைப் பற்றியதே. குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டையே எரிக்கும் சிறு நெருப்பு என அது காட்டும் உவமைகளைப் படிக்குந்தோறும் வள்ளுவரின் அடக்கமுடைமை அதிகாரம் நம் மனத்தில் எழுகின்றது. சைவராகிய நாம் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்ததும் அதனாலேதான்.

மாவனல்லை வாசிகளுக்கு அந்த நெருப்பு வெறும் உவமை அன்று. 2001 மே மாதத் தொடக்கத்தில், ஒரு கைகலப்பு வகுப்புக் கலவரமாக மாறி, கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையானதை இவ்வூர் கண்டது. 2018 டிசம்பர் 26 ஆம் திகதி இப்பகுதியிற் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டபோது, மீண்டும் அதுவே நேருமோ என்று எல்லோரும் அஞ்சினர். நல்ல வேளையாகப் பெருங்கலவரம் மூளவில்லை.

நான்கு மாதங்கள் ஆகுமுன் அதனினும் கொடிய சோதனை கிறிஸ்தவ மக்களுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் ஆகியவற்றிற் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்கள் கோபமே கொள்ளவில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் மக்களைக் காவாத அரசை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். நாவடக்கம் என்பது ஊமையாயிருத்தல் அன்று. கண்டனம் எவரைச் சேர வேண்டுமோ அவரை மட்டுமே சேரச் செய்தார் அவர்.

மே 5 ஆம் திகதி நீர்கொழும்பிற் கைகலப்பு மூண்டு முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டன. அப்போது அவர் தம் மக்களை நோக்கி, முஸ்லிம்கள் நம் சகோதரர், அவர்களில் ஒருவரையேனும் துன்புறுத்தலாகாது என்று வேண்டினார். அத்துடன் அங்குள்ள மதுக்கடைகளை மூடும்படியும் கேட்டுக்கொண்டார். மது உள்ளே சென்றால் நாவின் கடிவாளம் அறுந்துவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்! கொலையுண்டோரைப் புதைத்த துயரம் ஆறுமுன்னரே இவ்வாறு பேசுவது எத்துணை அரிய செயல்!

ஒரு வாரம் கழித்துச் சிலாபத்தில் நிகழ்ந்ததையும் இதன் அருகே வைத்துப் பாருங்கள். முகநூலில் நடந்த ஒரு வாக்குவாதத்தில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருள்பட முஸ்லிம் வியாபாரி ஒருவர் எழுதினார். ஏப்ரல் மாதத்துப் பீதி தணியாத வேளை. படித்தோர் அதனை அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் எனக் கொண்டனர். எழுதியவர் சற்றுப் பொறுத்திருக்கலாம். படித்தவரும் அதன் கருத்து யாதென்று ஒருமுறை கேட்டிருக்கலாம். இரு திறத்தாரும் அதைச் செய்யவில்லை. கூட்டம் கூடிற்று, கடைகள் தாக்கப்பட்டன, ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் வன்செயல் பரவியது. அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் தடைசெய்தது. அதற்குள் புத்தளம் மாவட்டத்தில், அந்த வாக்குவாதத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.