விளையாட்டை அளப்பது விளையாட்டல்ல!

குட்டீஸ், ஒரு சின்னக் கேள்வி. நேற்று நீங்கள் எவ்வளவு நேரம் ஓடியாடி விளையாடினீர்கள்?

'ரெண்டு மணி நேரம்!' என்று சட்டென்று சொல்லிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ஆடியது தெருக் கிரிக்கெட். பேட்டிங் வரும்வரை அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். பந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் போய் விழுந்தது. அந்த வீட்டுப் பாட்டியிடம் கெஞ்சி அதை வாங்கிவரப் பத்து நிமிடம். 'அவுட்டா, இல்லையா' சண்டைக்கு இன்னொரு பத்து நிமிடம். ஃபீல்டிங் நின்ற பக்கமோ பந்தே வரவில்லை. இதையெல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு?

இப்போது உங்கள் அக்காவிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். "நான் எங்கேடா விளையாடினேன்?" என்பார். ஆனால் அவர் காலையில் தெருக்குழாயிலிருந்து நாலு குடம் தண்ணீர் தூக்கி வந்திருப்பார். வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருப்பார். கடைக்கு இரண்டு முறை நடந்திருப்பார். விளையாடவில்லைதான். ஆனால் உடம்பு உழைத்ததா, இல்லையா?

பார்த்தீர்களா, கேள்வி சின்னது. பதில்தான் பெரிய வில்லங்கம். உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இந்த வில்லங்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதற்கு இந்தக் கணக்கு? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசையும்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம், எலும்பு, தசை எல்லாம் வலுப்பட அது தேவையாம். 'நன்றாக அசைவது' என்றால் எப்படி? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையான உழைப்பு.

சரி, உலகத்துப் பிள்ளைகள் இந்த 60 நிமிடத்தை எட்டுகிறார்களா? 146 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களின் பதில்களைத் திரட்டி, 2019-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 2016-ம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 81 பேர் எட்டவில்லை என்றது அது. இந்தியாவில் பையன்களில் 100-க்கு 72 பேர், பெண்களில் 76 பேர். இதுவும் மோசம்தான். ஆனாலும் மற்ற பல நாடுகளைவிட நாம் தேவலை! ஏன் என்று ஆய்வாளர்கள் ஒரு யூகம் சொன்னார்கள். பையன்களுக்குக் கிரிக்கெட் பைத்தியம் காரணமாக இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை காரணமாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, 'கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் 60 நிமிடம் ஓடியாடினாய்?' என்பதுதான். ஒரு பையன் ஆறு நாள் ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு, ஏழாம் நாள் மழை என்று வீட்டில் இருந்தால்? 'தினமும் 60 நிமிடம்' என்று கறாராகப் பார்த்தால் அவன் ஃபெயில்! 2020-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அறிவுரையைத் திருத்தியபோது 'தினமும் குறைந்தது' என்பதைச் 'சராசரியாக' என்று மாற்றியது. ஒரு வார்த்தைதான். ஆனால் நம் மழைநாள் பையன் பாஸாகிவிட்டான்.

மூன்றே வினாடி ஓட்டம்

பெரியவர்களைக் கேட்டால் 'காலையில் 45 நிமிடம் வாக்கிங்' என்று கடிகாரம் பார்த்துச் சொல்வார்கள். பிள்ளைகளால் அப்படிச் சொல்ல முடியாது. அது உங்கள் குற்றமில்லை. நீங்கள் விளையாடும் விதமே வேறு.

அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் 6 முதல் 10 வயது வரை உள்ள 15 பிள்ளைகளின் பின்னாலேயே திரிந்தார்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, மூன்று வினாடிக்கு ஒருமுறை, பிள்ளை என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். (பாவம், அவர்கள் கை என்ன ஆகியிருக்கும்!) 1995-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? கடுமையான ஓட்டம், தாவல் எதுவானாலும் பெரும்பாலும் மூன்றே வினாடிதான் நீடித்தது. உடனே வேறு வேலை. அப்புறம் மறுபடி ஒரு பாய்ச்சல். இடைவிடாமல் 15 வினாடிக்கு மேல் மூச்சிரைக்க ஓடியது மிக அபூர்வம்.

ஓடிப்பிடித்து விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். ஓடு, நில், ஒளி, எட்டிப்பார், மறுபடி ஓடு. இதை ராத்திரி உட்கார்ந்து யாரால் கூட்டிச் சொல்ல முடியும்?

இடுப்பில் ஒரு உளவாளி

சொல்வதை நம்ப முடியாது என்றதும் கருவிகள் வந்தன. ஜப்பானில் 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருடமே அங்கே ஒரு கம்பெனி 'மான்போ-கே' என்ற அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி மானி' என்று அர்த்தம். 'தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்' என்று உங்கள் அப்பா சொல்வாரே, அந்த எண் பிரபலமானது இந்தப் பெயரால்தான். பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் அல்ல அது!

அடி எண்ணும் கருவிக்கு ஒரு குறை. நடந்தாலும் ஒன்று, ஓடினாலும் ஒன்று. வேகம் அதற்குத் தெரியாது. அதனால் இப்போது ஆய்வாளர்கள் முடுக்கமானியைப் பயன்படுத்துகிறார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சில்லில், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு எடை ஒன்று ஸ்பிரிங் போன்ற இழைகளில் தொங்குகிறது. பஸ் பிரேக் போட்டால் நீங்கள் முன்னால் சாய்வீர்கள் அல்லவா? அதேபோல, உடம்பு குலுங்கும்போது அந்த எடையும் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பது மின்சார அளவாக மாறிப் பதிவாகும். செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதுவும் இந்தச் சில்லின் வேலைதான். ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதை ஒரு வாரம் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பாடா, உண்மை தெரிந்துவிடும் என்கிறீர்களா? அங்கேதான் அடுத்த வில்லங்கம்.

ஆரம்ப காலக் கருவிகளில் நினைவகம் மிகக் குறைவு. அதனால் ஒரு நிமிடத்தில் நடந்த குலுக்கலையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாகச் சேமித்தார்கள். ஒரு பச்சை மிளகாயை ஓர் அண்டா சாம்பாரில் போட்டால் காரம் தெரியுமா? உங்கள் மூன்று வினாடிப் பாய்ச்சலும் அப்படித்தான் 60 வினாடியில் கரைந்துபோனது. 'இந்தப் பிள்ளை சும்மா மெதுவாக நடந்தது' என்று காட்டியது கருவி. இப்போது சில வினாடிகளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கிறார்கள்.

சைக்கிள் மிதித்தால் கால்தானே சுற்றுகிறது, இடுப்பு அசைவதில்லையே! ஐந்து கிலோமீட்டர் வியர்க்க வியர்க்க மிதித்துப் பள்ளிக்குப் போகும் அண்ணனை, உட்கார்ந்திருக்கிறான் என்றே இடுப்புக் கருவி நினைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் கருவி என்றால் கிணற்று நீச்சலுக்கு முன் கழற்ற வேண்டும். நீச்சல் கணக்கில் வராது. அக்காவின் நாலு குடம்? நடந்தது பதிவாகும். இடுப்பில் இருந்த பாரம் பதிவாகாது.

ரொம்ப நேரம் பூஜ்யமாகவே பதிவானால் ஆய்வாளருக்குத் தலைவலி. பையன் கருவியைக் கழற்றி வைத்துவிட்டானா, இல்லை டிவி முன்னால் சிலையாக இருக்கிறானா? அதேபோல முதல் நாள் கணக்கைச் சிலர் ஒதுக்கியே விடுவார்கள். புதுக் கருவி கட்டிய குஷியில் அன்று எல்லோரும் கூடுதலாகக் குதிப்பார்களாம். நாய்க்குட்டி கழுத்தில் கட்டிவிடலாமே என்று யோசிக்கிறீர்களா? அந்த யோசனையும் ஆய்வாளர்களுக்குத் தெரியும்!

கழுத்தில் கேமரா

திரை பார்க்கும் நேரத்தை அளப்பது இன்னும் கஷ்டம். வீட்டுக்கு ஒரு டிவி மட்டும் இருந்த காலத்தில் 'எத்தனை மணி நேரம் பார்த்தாய்?' என்று கேட்டால் போதும். இப்போதோ டிவியில் கார்ட்டூன் ஓடும்போதே கையில் செல்போன். இதை ஒரு மணி என்பதா, இரண்டு மணி என்பதா? ஊரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசியதும், வீட்டுப்பாடம் பார்த்ததும், கேம் ஆடியதும் ஒன்றா?

2018 முதல் பல செல்போன்களில் எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் வசதி வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் நம் வீடுகளில் செல்போன் அம்மாவுடையது. காலையில் அம்மா, மாலையில் தங்கை, இரவில் நீங்கள். மொத்தம் ஐந்து மணி நேரம் என்று காட்டினால் யார் தலையில் எழுதுவது?

நியூசிலாந்தில் வெலிங்டன் நகரப் பகுதியில் 2014, 2015-ம் ஆண்டுகளில் ஒரு வழி செய்தார்கள். 11 முதல் 13 வயது வரை உள்ள 168 பிள்ளைகளின் கழுத்தில் சின்னக் கேமராவை மாட்டிவிட்டார்கள். 7 வினாடிக்கு ஒரு படம், நான்கு நாட்கள்! பிள்ளைகள் கண்ணில் எத்தனை தின்பண்ட விளம்பரம் படுகிறது என்று பார்க்கத்தான் அது தொடங்கியது. அந்தப் படங்களை வைத்தே பின்னால் திரை பார்க்கும் நேரத்தையும் ஆராய்ந்தார்கள். குளியலறை போகும்போதும், அந்தரங்கமான நேரத்திலும் கேமராவைக் கழற்றிவிட அவர்களுக்கு உரிமை இருந்தது. எனக்குக் கேட்டால், துல்லியம்தான் என்றாலும் கழுத்தில் கேமராவோடு நாலு நாள் இருக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம்? 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் வயதுக்கு, பொழுதுபோக்குக்காகப் பார்ப்பதைக் குறையுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறது, மணிக்கணக்கு சொல்லவில்லை. இவ்வளவுதான் எல்லை என்று கோடு கிழிக்கப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லையாம். (இதை அம்மாவிடம் போய்க் காட்டி வாதாட வேண்டாம். செல்லாது!)

நீங்களும் ஆய்வாளர் ஆகலாம்

கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு நண்பன் போதும். மாலை விளையாட்டு நேரத்தில் பத்து நிமிடம் நண்பன் உங்களைக் கவனிக்கட்டும். 15 வினாடிக்கு ஒருமுறை ஓட்டமா, நடையா, நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று ஒரு எழுத்தில் குறிக்கட்டும். மொத்தம் 40 குறிப்பு வரும். அதைப் பார்ப்பதற்கு முன், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓடினோம் என்று நீங்கள் யூகித்து எழுதிவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் நண்பன் ஆட, நீங்கள் குறியுங்கள்.

இதை ஒரு வாரம் செய்யுங்கள். பல்லாங்குழி, பாண்டி, கபடி எதில் ஓட்டம் அதிகம் என்பதும் தெரிந்துவிடும். வீட்டு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்; குடம் தூக்கியவர் யார், தூக்காதவர் யார் என்று பெயர் போட்டே எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பி.டி. பீரியடையும் விடாதீர்கள். அதைக் கணக்கு சார் கடன் வாங்கிக்கொண்டார் என்றால், தயங்காமல் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள்.